கல்லில் ஏறாத பெண்டிர்: மணிமங்கலம் முதல் இரங்கூன் வரை

தாம்பரத்துக்கு மேற்கே, திருப்பெரும்பூதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே விரிந்துவிட்ட தொழிற்சாலைப் பரப்பின் விளிம்பில் இருக்கும் மணிமங்கலத்தை இன்று வெளியூரார் பலர் அறிந்திருப்பது மனைப்பிரிவு விளம்பரங்களின் வாயிலாகத்தான். ஆயினும் தென்னாட்டு வரலாற்றின் போக்கைத் திருப்பிய போர்களுள் ஒன்று இம்மண்ணில் நிகழ்ந்தது. வாதாபிச் சளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசி காஞ்சியை நோக்கிப் படையெடுத்து வந்தபோது, பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் அவனைப் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் முறியடித்தான். அதன்பின் ஏறத்தாழக் கி.பி. 642-இல் வாதாபி வீழ்ந்தது. வென்றவன் 'வாதாபி கொண்டான்' ஆனான்.

இச்செய்தியை நமக்கு வழங்குவது நரசிம்மவர்மனின் பேரனாகிய முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு. புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே ஓர் ஏடாகக் கொண்டு அதில் வெற்றி என்னும் சொல்லை எழுதினான் பல்லவன் என்று அதைப் பாடிய புலவன் கூறுகிறான். செப்பேட்டில் எழுதிக்கொண்டே செப்பேட்டை உவமையாக்கிய அவனைக் கவிஞர்கள் பாராட்டாமல் இருக்கமுடியாது. ஆனால் அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. புலிகேசியின் படை எவ்வழி வந்தது, அதன் வலிமை எவ்வளவு, அது தங்கிய இடம் எது என்று நரசிம்மவர்மனுக்கு யார் வந்து சொன்னார்கள்? மூன்று களங்களில் ஒருவனை அடுத்தடுத்து மடக்கிய அரசனுக்கு அவனது நடமாட்டம் தெரிந்திருக்கவேண்டும். தெரிந்து வந்து சொன்னவர் எவர் என்பது செப்பேட்டில் இல்லை. நந்திவர்மனின் உதயேந்திரம் செப்பேடும் இதே மூன்று களங்களைப் பெயர் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் கல்கி. 1944 முதல் 1946 வரை தம் இதழில் அவர் எழுதிய 'சிவகாமியின் சபதம்' உண்மையில் ஓர் ஒற்றர் கதை. நாகநந்தி என்னும் பிட்சு, சத்ருக்னன், குண்டோதரன் என ஒற்றரும் எதிரொற்றரும் அதில் முன்னும் பின்னுமாக நடமாடுகிறார்கள். வரலாறு நரசிம்மவர்மனுக்கு அளித்த மணிமங்கலப் போரை அவர் மகேந்திரவர்மனின் இறுதிக் காலத்துக்கு நகர்த்தி, அம்மன்னனை இங்கே படுகாயமுறச் செய்தார். இது நாவலாசிரியரின் உரிமை. வழக்காட வேண்டியதில்லை. நான் சுட்ட விரும்புவது வேறொன்று. அத்தனை ஒற்றர் நடுவே கதைத்தலைவியாகிய சிவகாமி ஒற்றறியவில்லை. ஒற்றப்படுகிறாள், கவரப்படுகிறாள், சபதம் செய்து காத்திருக்கிறாள். சூழ்ச்சி ஆடவரின் தொழிலாகவும், சூழ்ச்சியின் விளைவைச் சுமப்பது பெண்ணின் பங்காகவும் அந்நாவலில் பிரிந்து நிற்கின்றன.

இப்பங்கீடு கல்கி கண்டுபிடித்ததன்று. மணிமங்கலத்து இராசகோபாலப் பெருமாள் கோயிற் சுவர்களிலேயே அது வெட்டப்பட்டிருக்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளின் மூன்றாவது தொகுதியில் இவ்வூர்க் கல்வெட்டுகள் தனிப்பகுதியாக அச்சாகியுள்ளன. முதலாம் இராசாதிராசன், இரண்டாம் இராசேந்திரன், வீரராசேந்திரன் ஆகிய சோழர் மூவரின் நீண்ட மெய்க்கீர்த்திகள் அவற்றுள் அடங்கும். இராசாதிராசனது மெய்க்கீர்த்தி ஈழப்போரைப் பாடுமிடத்தில், வீரசலாமேகன் என்னும் மன்னனின் குடும்பப் பெண்டிர் சிறைப்பட்டதையும் அவன் தாயின் மூக்கு அரியப்பட்டதையும் பெருமையாகக் கூறுகிறது. 1054-இல் நடந்த கொப்பத்துப் போரைப் பாடும் இராசேந்திரனது மெய்க்கீர்த்தி, கைப்பற்றிய யானைகளோடும் குதிரைகளோடும் சேர்த்து ஆகவமல்லனின் தேவியர் சத்தியவ்வை, சாங்கப்பை முதலியோரையும் கணக்கிடுகிறது. மெய்க்கீர்த்திகளின் சொல்லோட்டத்தை வியந்து பேசும் நாம் இவ்விடங்களில் சற்று நிற்கவேண்டும். இவ்வூர் சோழர் காலத்தில் உலோகமகாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்று முதலாம் இராசராசனின் தேவி பெயராலும் வழங்கியது. ஊருக்குப் பெண்ணின் பெயர். அவ்வூர்க் கல்லிலோ பெண்ணுக்குக் கொள்ளைப்பொருளின் இடம்.

அரசியற் சூழ்ச்சி என்றால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது ஆதித்த கரிகாலன் கொலை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்ட கல்வெட்டு அச்சூழ்ச்சிக்காரர்களைப் பெயரிட்டுக் கூறுகிறது. சோமன், இரவிதாசனாகிய பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனாகிய இருமுடிசோழப் பிரமாதிராசன் என்போர் அவர்கள். அக்கல்வெட்டின் நோக்கம் கொலையைத் துப்பறிவதன்று, நிலத்தைப் பறிமுதல் செய்வதே. ஆகவே குற்றவாளிகளோடு அவர்தம் உறவினரையும் அது நீளமாக அடுக்குகிறது. உடன்பிறந்த பெண்களை மணந்தவர், மக்களை மணந்தவர் என்று அவ்வடுக்கில் பெண்டிர் வருகின்றனர், ஒருவர் சொத்திலிருந்து மற்றொருவர் சொத்துக்குச் செல்லும் பாலங்களாக. சூழ்ச்சியில் எந்தப் பெண்ணுக்கும் பங்கு இருந்ததாகவோ, சூழ்ச்சியை எந்தப் பெண்ணும் முறியடிக்க முயன்றதாகவோ அதில் ஒரு சொல் இல்லை. 1950-இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னில் கல்கி இக்குறையையும் நிரப்பினார். சூழ்ச்சியின் நடுவில் நந்தினி, அதனை எதிர்த்து ஒற்றறியும் வலையின் நடுவில் குந்தவை. குந்தவை வரலாற்றுப் பெண், நந்தினி கற்பனை. இதனை அறிந்தே படிக்கும் வாசகர் ஒருபுறம் இருக்க, நந்தினியின் ஊரைக் கல்வெட்டில் தேடும் அன்பர்களையும் நான் அறிவேன்.

இனி, நூல்கள் என்ன சொல்கின்றன என்று காணலாம். திருக்குறளின் 59-ஆம் அதிகாரம் ஒற்றாடல். வள்ளுவர் அங்கே பேசுவது அரசனின் கண்ணாகிய ஒற்றைப் பற்றி. ஐயம் தோன்றாத உருவம், எதற்கும் அஞ்சாமை, என்ன செய்தாலும் வாய்திறவாமை என இலக்கணங்கள் வகுக்கிறார். துறவுக் கோலம் பூண்டு செல்வதைக் கூறுகிறார். ஆணா பெண்ணா என்று கூறவில்லை. ஒற்று என்பது தமிழில் அஃறிணைச் சொல். அதற்குப் பாலில்லை. கவிஞர்கள் நடுவில் பேசுவதால் மற்றொன்றும் சொல்லலாம். மெய்யெழுத்துக்கும் ஒற்று என்றே பெயர். கட்டளைக் கலித்துறைக்கு எழுத்தெண்ணும்போது நாம் ஒற்றை நீக்கியே எண்ணுகிறோம். ஒலியில் இருக்கும், கணக்கில் வராது.

அவ்வதிகாரத்தின் முடிவில் வரும் இரண்டு கருத்துகள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை வேறோர் ஒற்றனால் சோதிக்கவேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்துவந்தால் தெளியலாம் என்பது ஒன்று. கௌடலீயரின் அர்த்தசாத்திரமும் மூவர் சொல் ஒன்றாவதையே அளவுகோலாகக் கொள்கிறது. மற்றொன்று, பிறர் அறிய ஒற்றனுக்குச் சிறப்புச் செய்யக்கூடாது, செய்தால் மறைபொருளை அரசனே வெளிப்படுத்தியவன் ஆவான் என்பது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒற்றறிந்தவருக்குப் பட்டயம் கிடையாது, வீரக்கல் கிடையாது, மெய்க்கீர்த்தியில் ஓரடி கிடையாது. கிடைத்தால் அது ஆட்சியின் பிழை. வரலாற்றாசிரியனோ பட்டயத்தையும் கல்லையும் கொண்டு மட்டுமே எழுதப் பழகியவன்.

மறைந்து செல்லும் ஒற்றுக்கு எதிர்நிலையில் வெளிப்படச் செல்லும் தூது இருக்கிறது. தூதிலேதான் தமிழ்ப் பெண்ணொருத்தியின் பெயர் ஐயத்துக்கு இடமின்றி நிற்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் சென்றதையும், அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியதையும் புறநானூற்றின் 95-ஆம் பாட்டும் அதன் அடிக்குறிப்பும் கூறுகின்றன. பளபளக்கும் புதிய வேல்களையும், போரில் முனை மழுங்கிக் கொல்லன் உலைக்குச் சென்ற வேல்களையும் ஒப்பிட்டு அவர் சொன்ன விடையை நாம் பள்ளிப் பருவம் முதல் வஞ்சப்புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகப் படித்துவருகிறோம். அணியைப் பாராட்டிய நாம் செயலை மறந்துவிட்டோம். பகைவனின் ஆயுதசாலையைக் கண்ணால் கண்டு, அது புழக்கத்தில் இல்லாதது என்று மதிப்பிட்டு, அம்மதிப்பீட்டை அவன் முகத்துக்கு நேரேயே கூறிவிட்டு வருவது அரசியற் பணி. தொண்டைமானின் நாடு காஞ்சியைச் சூழ்ந்தது என்பதால் மணிமங்கலத்தார்க்கு இது அண்டைவீட்டுச் செய்தி.

வடநூலில் பெண் ஒற்றர் வெளிப்படையாகவே பேசப்படுகின்றனர். மைசூரில் சாமசாத்திரியாரின் கைக்கு 1905-இல் கிடைத்து 1909-இல் அச்சேறிய அர்த்தசாத்திரத்தில், பிழைப்புக்கு வழியற்ற, துணிவுடைய, அரண்மனையில் மதிப்புப்பெற்ற ஏழைக் கைம்பெண் ஒருத்தி துறவி வேடத்தில் உயரதிகாரிகளின் வீடுகளுக்குச் சென்று வரவேண்டும் என்று விதிக்கப்படுகிறது. அவளது வறுமையே அவளை வேலைக்கு ஏற்றவளாக்குகிறது என்பதைக் கௌடலியர் மறைக்கவில்லை. எந்த அந்தப்புரத்துக்கும் தடையின்றி நுழையக்கூடியவள், எவர் கணக்கிலும் வராதவள். அத்தகைய ஒருத்தியின் பெயரேனும் நமக்குத் தெரியுமா என்றால் தெரியாது.

பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வந்தால் பெயர்கள் கிடைக்கின்றன. பெயர்களோடு சிக்கலும் கிடைக்கிறது. 1772-இல் காளையார்கோயிலில் ஆர்க்காட்டு நவாபின் படையும் கம்பெனிப் படையும் சேர்ந்து சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றன. அவர் மனைவி வேலுநாச்சியார் விருப்பாச்சிப் பாளையத்தில் அடைக்கலம் புகுந்து, ஐதர் அலியின் உதவி பெற்று, 1780-இல் சிவகங்கையை மீட்டார். இது ஆவணங்களால் உறுதிப்படும் வரலாறு. இதனோடு பின்னிக்கிடக்கும் வாய்மொழியில் இரண்டு பெண்கள் வருகின்றனர். ஒருத்தி உடையாள். அரசி சென்ற வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்து உயிரிழந்தவள், கொல்லங்குடி வெட்டுடையார் காளியோடு இணைத்து வணங்கப்படுபவள். மற்றொருத்தி குயிலி. அரசிக்கு அருகே இருந்தபடி பகைவருக்குச் செய்தி கடத்திய சிலம்பாசிரியரைக் கண்டறிந்து ஒழித்தவள். பின்னர், சிவகங்கைக் கோட்டைக்குள் விசயதசமி வழிபாட்டுக்குச் செல்லும் பெண்களோடு நுழைந்து, உடலில் நெருப்பிட்டு வெடிமருந்துக் கிடங்கை அழித்தவள்.

நம் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான கதை வேறில்லை. அரண்மனைக்குள் ஒரு சதி, அதைத் துப்பறிந்த பெண், வேடமிட்டுப் பகைவர் கோட்டைக்குள் நுழைவு, எல்லாமே அதில் இருக்கின்றன. கவியரங்க மேடைகளில் குயிலி பாடப்படாத ஆண்டு இல்லை. ஆனால் அவளைப் பற்றி நமக்குக் கிடைப்பது மக்கள் நாவில் வழங்கிய மரபு. வேலுநாச்சியாரின் அரசியலைப் போல அது அக்காலக் கடிதங்களாலும் கணக்குகளாலும் தாங்கப்படவில்லை. இதைச் சொன்னவுடனே சிலர் வருந்துவர். வருந்த வேண்டியதில்லை. வாய்மொழி மரபு பொய் என்று நான் சொல்லவில்லை. காலந்தோறும் அது புதிய விவரங்களை ஏற்றுக்கொண்டே வருவது என்கிறேன். கையெழுத்துக் கற்ற குயிலி, கடிதத்தைக் கைப்பற்றிய குயிலி, இன்ன குலத்துக் குயிலி என்று ஒவ்வொரு தலைமுறையும் அவளுக்குத் தன் தேவைக்கேற்ற ஆடையை உடுத்துகிறது. அவள் எந்தக் குலத்தவள் என்று இன்று நடக்கும் வழக்கில் ஆவணத்தைக் காட்டி வெல்ல எவராலும் இயலாது. கவிஞர் அவளைப் பாடட்டும். அடிக்குறிப்பில் இல்லாத நூலின் பெயரை எழுதி அவளை மெய்ப்பிக்க முற்படும்போதுதான் நாம் அவளுக்குத் தீங்கு செய்கிறோம். போலி ஆவணம் ஒன்று பிடிபட்டால் உண்மையான மரபும் அதனோடு சேர்ந்து விழும்.

நம் காலத்துக்கு மிக அருகே, பெயரும் முகமும் குரலும் உடைய ஒரு தமிழ்ப்பெண் இருந்தார். சரசுவதி இராசாமணி 1927-இல் இரங்கூனில் பிறந்தவர். தந்தையார் செல்வர், விடுதலை இயக்கத்துக்கு வாரி வழங்கியவர். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் இலட்சுமி சுவாமிநாதனின் தலைமையில் சான்சி இராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் பெருந்தொகையாக அதில் சேர்ந்தனர். நேதாசி இரங்கூனுக்கு வந்து உரையாற்றியபோது தம் அணிகலன்கள் அனைத்தையும் கழற்றிக் கொடுத்துவிட்டதாகவும், சிறுமி அறியாமல் கொடுத்துவிட்டாள் என்று எண்ணி அவர் மறுநாள் வீடு தேடிவந்து திருப்பித் தர முயன்றபோது தாம் ஏற்க மறுத்ததாகவும், சரசுவதி என்னும் பெயரை அவரே சூட்டியதாகவும் இராசாமணி பலமுறை கூறியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது பதினாறு.

அவர் சொன்ன மற்றவை இவை. அவரும் துர்க்கா என்னும் தோழியும் வேறு சிலரும் தலைமயிரைக் குறைத்து, ஆண்பிள்ளை உடை அணிந்து, ஆங்கிலேயரின் படைமுகாம்களிலும் அதிகாரிகளின் இல்லங்களிலும் எடுபிடி வேலையில் சேர்ந்தனர். அவருடைய வேடப்பெயர் மணி. ஆணைகளையும் பேச்சுகளையும் ஒற்றறிந்து இந்திய தேசியப் படைக்கு அனுப்பினர். பிடிபட்டால் தம்மைத்தாமே சுட்டுக்கொள்ளவேண்டும் என்பது கட்டளை. துர்க்கா உயிரோடு பிடிபட்டார். கட்டளைப்படி விட்டுவிட்டு ஓடவேண்டிய இராசாமணி, நாட்டியப்பெண் வேடத்தில் காவலிடத்துக்குள் புகுந்து, காவலர்க்கு மயக்கமருந்து கொடுத்துத் தோழியை மீட்டார். ஓடுகையில் வலக்காலில் குண்டு பாய்ந்தது. இருவரும் மரத்தில் ஏறி மூன்று நாள் ஒளிந்திருந்தனர். காயம் ஆறியது, நடையின் தளர்ச்சி வாழ்நாள் முழுதும் ஆறவில்லை.

வள்ளுவர் சொன்ன சோதனையை இங்கே வைத்துப் பார்ப்பது இராசாமணிக்கு அவமதிப்பாகாது. ஒற்றர் ஒருவரின் சொல்லை வேறொருவரால் சோதிக்கவேண்டும் என்பது ஒற்றர்க்கே உரிய மரியாதை. இரங்கூன் 1942 மார்ச்சு முதல் 1945 மே வரை சப்பானியரின் கையில் இருந்தது. ஆகவே அவ்விடைக்காலத்தில் ஆங்கிலேயரின் முகாம் என்றால் அது இரங்கூன் நகரில் இருந்திருக்க முடியாது. அரக்கான், மணிப்பூர் எல்லைப்பக்கமாகத்தான் இருந்திருக்கவேண்டும். எந்த முகாம், எந்த மாதம், எவரிடம் செய்தி சேர்ந்தது? அவரைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில் இவ்வினாக்கள் எழுப்பப்படவே இல்லை. அணிகலன்களைக் கொடுத்த காட்சியும் மரத்தில் ஒளிந்த காட்சியும் மீண்டும் மீண்டும் அச்சாகின்றன. கதைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, வரலாற்றுக்கு வேண்டியதை எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரால் விடை சொல்லியிருக்க முடியும் என்றே நம்புகிறேன். தொண்ணூற்றொன்றாம் வயது வரை நினைவோடு நம் நடுவில், சென்னையில் இருந்தவர் அவர்.

ஆவணம் ஏன் இல்லை என்பதற்கும் காரணம் உண்டு. 1945 ஏப்ரல் இறுதியில் நேதாசி இரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது சான்சி இராணிப் படைப் பெண்கள் ஏறத்தாழ நூறு பேரும் பாங்காக்கை நோக்கி உடன் சென்றனர். இரவில் நடந்தும், பகலில் விமானத் தாக்குதலுக்கு ஒளிந்தும் அவர்கள் சென்ற வழியை அப்படையின் சானகி தேவர் முதலியோர் பின்னர் விவரித்துள்ளனர். அவ்வாறு பின்வாங்கும் படை தன் ஒற்றர்களின் பெயர்ப்பட்டியலைச் சுமந்துகொண்டு நடக்காது. நடந்தால் அது பகைவர் கையில் சேரும்.

இதனோடு வேறொரு கணக்கையும் வைத்துப் பாருங்கள். பினாங்கில் பயிற்சி பெற்று, நீர்மூழ்கிக் கப்பலில் கேரளக் கரையில் இறங்கி, பிடிபட்டு, விசாரணைக்கு உள்ளான வக்கம் அப்துல் காதர் 1943 செப்டம்பர் 10-ஆம் நாள் தம் தோழர்கள் சிலருடன் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் ஒற்றர்தாம் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஏனெனில் தீர்ப்பு இருக்கிறது. திப்பு சுல்தானின் வழிவந்த நூர் இனாயத் கானை எடுத்துக்கொள்ளுங்கள். புத்த சாதகக் கதைகளைச் சிறுவர்க்காக எழுதிய மென்மையான எழுத்தாளர். 1943 சூன் மாதத்தில் செருமானியரின் பிடியிலிருந்த பிரான்சில் ஆங்கிலேயரின் கம்பியில்லாத் தந்தி ஒற்றராக இறங்கினார். அவர் இறங்கிய சில நாள்களிலேயே அவரைச் சேர்ந்த வலை முழுதும் சிக்கியது. திரும்பிவர அழைத்தும் வர மறுத்துப் பாரிசில் தனியாய் நின்று செய்தி அனுப்பினார். காட்டிக்கொடுக்கப்பட்டு அக்டோபரில் பிடிபட்டார், 1944 செப்டம்பர் 13-இல் டாக்காவு வதைமுகாமில் கொல்லப்பட்டார். 1949-இல் அவருக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது. இலண்டனில் 2012-இல் சிலை எழுந்தது. பிடித்தவர்களின் வாக்குமூலம், சிறையதிகாரியின் சாட்சியம், அனுப்பிய அலுவலகத்தின் கோப்பு ஆகிய மூன்றும் போருக்குப் பின் ஒன்றுக்கொன்று ஒத்துவந்தன. வள்ளுவர் கேட்ட மூவர் கிடைத்தனர்.

பிடிபட்ட ஒற்றர் வரலாறாகிறார். பிடிபடாமல் தொழிலில் வென்றவர் தம் சொல் ஒன்றையே சாட்சியாகக் கொண்டு முதுமையில் நம் முன் நிற்கிறார். இராசாமணியின் நிலை இதுதான். போர் முடிந்தபின் குடும்பம் செல்வத்தை இழந்து தமிழகம் வந்தது. பல்லாண்டுகள் அவர் சென்னையில் ஒரு சிறிய குடியிருப்பில், சுவர் நிறைய நேதாசியின் படங்களோடு வறுமையில் இருந்தார். 2005-இல் செய்தித்தாள்கள் எழுதியபின் தமிழக அரசு வீடும் ஐந்து இலட்சம் ரூபாயும் வழங்கியது. அந்நிலையிலும் தையற்கடைகளில் மிஞ்சும் துணித்துண்டுகளை வாங்கிவந்து உடைகள் தைத்து அனாதை இல்லங்களுக்குக் கொடுத்தார். ஆழிப்பேரலையில் பாதிக்கப்பட்டோர்க்குத் தம் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்தார். பொதுவில் சிறப்புச் செய்யக்கூடாது என்ற வள்ளுவரின் விதியை நாடு அவர் விடயத்தில் அறுபது ஆண்டுகள் மிகச் சரியாகக் கடைப்பிடித்தது என்று கசப்போடு சொல்லத் தோன்றுகிறது. அவ்விதி அரசு நடக்கும் காலத்துக்கு உரியது. போர் முடிந்து, கொடியேறி, கோப்புகள் மூடப்பட்டபின் அதைப் பற்றிக்கொண்டிருக்க எந்தக் குறளும் சொல்லவில்லை.

கதை உலகிலும் நாம் அவருக்கு இடம் வைத்திருக்கவில்லை. அவர் சென்னையில் வாழ்ந்த அதே பத்தாண்டுகளில் தமிழ்வாணனின் சங்கர்லால் உலகமெல்லாம் சுற்றித் துப்பறிந்தார். மனைவி இந்திராவோ பெரும்பாலும் வீட்டில் தேநீரோடு காத்திருந்தார். சுசாதாவின் கணேசும் வசந்தும் இருவருமே ஆடவர். இராசேசுகுமாரின் விவேக்குக்கு ரூபலா துணைவி. பெண் துப்பறிவாளர் தனித்து நிற்கும் கதைகள் வராமலில்லை. ஆனால் அப்பெண்கள் இலண்டன் படங்களின் சாயலில் சென்னைக் கடற்கரைச் சாலையில் கார் ஓட்டினார்களேயன்றி, பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்தின் தமிழைப் பேசவில்லை. அரிசிக்கடை வரிசையில் கால் சாய்த்து நடந்துசென்ற ஒரு முதியவளின் பின்னால் ஒரு நாவல் இருக்கக்கூடும் என்று எவர்க்கும் தோன்றவில்லை.

பர்மாவிலிருந்து திரும்பியோர் என்றவுடன் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. 1962-இல் பர்மாவில் படைத்தலைவர் ஆட்சி ஏற்பட்டபின் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாக்கப்பட, தமிழர் பல்லாயிரவர் கப்பலேறிச் சென்னைக்கு வந்தனர். சென்னையிலும் அதன் புறநகர்களிலும் அவர்களுக்குக் குடியிருப்புகள் அமைந்தன. அத்தலைமுறையில் போர்க்காலத்தை நினைவில் வைத்திருந்த பெண்கள் இருந்தனர். முகாமில் சமைத்தவர், செவிலியராய் இருந்தவர், துப்பாக்கி பிடித்தவர், செய்தி கொண்டுசென்றவர் என்று அவர்களுள் பலவகையினர். ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல்லை ஒப்பிட்டுத் தெளிவதற்கு அவர்களைவிடச் சிறந்த சாட்சிகள் வேறெங்கே கிடைத்திருக்கும்? இலக்கிய அமைப்புகள் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தின. ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்கள் திண்ணையில் உட்கார்ந்தவர் மிகச் சிலரே. இன்று அவர்களில் உயிரோடிருப்போர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். அவர்கள் பிள்ளைகளின் நினைவில் எஞ்சியிருப்பதையேனும் ஊர், மாதம், ஆள் என்று கேட்டுக் குறித்துவைப்பது நம் போன்ற வட்டங்களால் ஆகக்கூடிய வேலை. அதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டியதில்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதி, தேதியிட்டு, எழுதியவர் பெயரையும் போட்டால் போதும். பாட்டாக்குவதைப் பிறகு செய்துகொள்ளலாம்.

சரசுவதி இராசாமணி 2018 சனவரி 13-ஆம் நாள் சென்னையில் காலமானார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே தம் படைச் சீருடையையும் சின்னங்களையும் ஒரிசாவின் கட்டாக்கில், நேதாசி பிறந்த இல்லத்தில் அமைந்த அருங்காட்சியகத்துக்கு அவர் கொடுத்துவிட்டார். அவை இப்போது அங்கே இருக்கின்றன.